காதுக்கு எட்டாத சப்தம்

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டியில் அந்தி மயங்கும் வேளையில் வாசலில் நிற்பவர்களுக்குச் சிறு வௌவால்கள் சுழன்று பறக்கும் காட்சி புதிதல்ல. மரக்கிளையிலோ மின்சாரக் கம்பியிலோ அவை முட்டிக்கொள்வதில்லை. பறக்கும் பூச்சியை இருட்டிலேயே லபக்கென்று பிடித்து விழுங்குகின்றன. நமக்கோ எல்லாம் நிசப்தமாகத் தோன்றுகிறது. உண்மையில் அந்த வௌவால் ஓயாமல் கூச்சலிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்கும் பாக்கியம், அல்லது துர்ப்பாக்கியம், நம் செவிகளுக்கு இல்லை.

விநாடிக்கு 20 முதல் 20,000 வரை துடிக்கும் சப்தமே மனிதக் காதுக்கு எட்டும். வயதானால் அந்த மேல் எல்லையும் இறங்கிவிடும். அதற்கு அப்பாற்பட்டதைச் செவியுணரா ஒலி என்கிறார்கள். கண்களை மறைத்தாலும் வௌவால் தடுமாறாமல் பறப்பதை ஸ்பல்லன்ஸானி என்ற இத்தாலியப் பாதிரியார் 1793-லேயே கண்டார். காதை அடைத்தால்தான் அது தடுமாறியது! காரணம் விளங்க நூற்றைம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் கிரிஃபின், கலம்போஸ் என்னும் இருவர் 1938 முதல் சில ஆண்டுகள் ஆராய்ந்து, வௌவால் தன் கூச்சலின் எதிரொலியைக் கேட்டே வழியறிகிறது என்று நிரூபித்தார்கள். (ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலுக்கு இந்த வித்தை தெரியாது. அதற்குக் கண்ணும் மூக்குமே துணை.)

இந்த ஒலியின் சரித்திரத்தில் நம்மவர் பெயரும் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்தபோது, நாகேந்திர நாத் என்ற இளைஞருடன் சேர்ந்து 1935, 36-ஆம் வருஷங்களில் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார். திரவத்துக்குள் இவ்வொலியைச் செலுத்தி, குறுக்கே ஒளிக்கற்றையை விட்டால், ஒளி பல கிளைகளாகப் பிரிகிறது. அது ஏன் என்பதை அவர்கள் கணித வாயிலாக விளக்கினார்கள். அந்நிய ஆட்சி நடந்த காலத்தில் இங்கேயே பிறந்த அந்தச் சித்தாந்தத்தை உலகம் இன்றும் ‘ராமன்–நாத்’ என்றே வழங்குகிறது.

அன்றாட உபயோகங்கள் பல. ரயில் தண்டவாளத்தின் உட்புற விரிசலை இவ்வொலியைச் செலுத்தியே கண்டுபிடிக்கிறார்கள். மூக்குக் கண்ணாடியையும் நகையையும் நீரில் அமிழ்த்தி அழுக்கு நீக்குகிறார்கள். மோட்டார் காரைப் பின்னால் நகர்த்தும்போது சுவர் நெருங்குவதை அறிவிப்பதும் இதுதான். (நாம் கேட்கும் ‘கீக் கீக்’ நமக்காக வைத்த மணி, அளவெடுக்கும் ஒலி வேறு.) கொசுவை ஒலியால் விரட்டும் கருவி என்று கடையில் விற்பதை மட்டும் வாங்க வேண்டாம். சோதித்துப் பார்த்ததில் கொசுக்கள் அதை லட்சியம் செய்யவில்லை.

ஆனால் நம் குடும்பங்கள் நெருங்கி அறிந்தது ஆஸ்பத்திரி ‘ஸ்கேன்’. ஸ்காட்லாந்து வைத்தியர் இயன் டொனால்டு 1958-இல் இதைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். விநாடிக்குப் பல லட்சம் முறை துடிக்கும் ஒலி உடலுக்குள் சென்று எதிரொலிக்கிறது. உடலில் அது விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். ஆகவே 7.7 செண்டிமீட்டர் ஆழத்திலிருந்து திரும்பிவர விநாடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கே பிடிக்கும். அந்தக் கால அளவைக் கொண்டே சித்திரம் வரையப்படுகிறது. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவுவது எதற்கென்றால், இடையில் சிறிது காற்று நின்றாலும் ஒலி உள்ளே புகாமல் திரும்பிவிடும்.

சிசுவின் இதயத் துடிப்பைக் காட்டும் இதே சாதனத்தை, பெண் சிசுவை அழிக்க உளவு கேட்கும் கருவியாகவும் நம் நாட்டில் ஆக்கினார்கள். பிறந்த பெண் குழந்தைகளைக் காக்கச் சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த மாகாணம் நம்முடையது. ஸ்கேன் பரவியபின் பிறக்கும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் சிலருக்கு இல்லாமற் போயிற்று. இதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆணா பெண்ணா என்று வைத்தியர் வாயால் சொல்வது மட்டுமல்ல, சைகை காட்டுவதும் குற்றம். இதற்காக ஸ்கேனை நாடும் கணவனுக்கும் உறவினருக்கும் மூன்றாண்டு வரை சிறைவாசம் உண்டு. கர்ப்பிணியைப் பற்றிச் சட்டம் வேறுவிதமாக நினைக்கிறது: மாறாக நிரூபிக்கப்படும் வரையில், அவளைக் கணவனோ உறவினரோ நிர்ப்பந்தித்து அழைத்து வந்ததாகவே அது கொள்ளும்.