சந்தைவெளியில் நிற்கும் நம் பிள்ளைகள்

மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். 1955-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய இத்திருநாளன்று நம் பங்குகளில் உளியும் இழைப்புளியும் பீடத்தருகே வைக்கப்படுகின்றன. உழைப்பின் மேன்மை குறித்து மறையுரை நிகழ்த்தப்படுகிறது. திருப்பலி முடிந்தபின் சக்ரீஸ்து வாசலில் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் கையில் ஒரு தாளோடு தயங்கி நிற்பதைச் சில ஆண்டுகளாக நாம் கண்டு வருகிறோம். "சாமி, தெரிஞ்ச கம்பெனி ஏதாவது இருந்தா ஒரு லெட்டர் குடுங்க சாமி" என்கிறார்கள். பங்குத்தந்தை நல்லவர், கையொப்பமும் தருகிறார், ஆசீரும் தருகிறார். அந்தக் கடிதம் எந்தக் கதவையும் திறக்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

'இன்டர்ன்ஷிப்' என மாணவர் வழங்கும் பயிற்சிப்பணி, வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் கோடையில் மேற்கொள்ளும் ஒரு விருப்பமாக ஒருகாலத்தில் இருந்தது. இன்று அது பட்டத்தின் ஒரு பகுதி. 2018-இல் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் பொறியியல் மாணவர்க்கு அதற்கென மதிப்பெண் அலகுகளை வகுத்தது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரைவுநெறி, கலை, அறிவியல் மாணவர்க்கும் கோடைப் பயிற்சியை உரித்தாக்கியது. திட்டம் தீட்டியோரின் நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. ஏட்டுக் கல்வி கைத்தொழிலோடு உறவாட வேண்டும் என்பதில் நமக்கும் உடன்பாடே. நாசரேத்துப் பட்டறையில் வளர்ந்தவரை வழிபடும் நாம் வேறெப்படிச் சொல்ல இயலும்? ஆனால் பயிற்சி கட்டாயம் என்று எழுதியவர்கள், அப்பயிற்சியை யார் தருவது, அம்மாதத்துச் சோற்றுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதாமல் விட்டார்கள். அந்தச் சுமை மாணவன் தோளில் விழுந்தது.

கோடை விடுமுறை என்றால் நம் கடற்கரைப் பங்குகளிலும் கரிசல் காட்டுப் பங்குகளிலும் என்ன பொருள் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அது ஓய்வுக் காலம் அன்று, கூலிக் காலம். தூத்துக்குடிப் பக்கத்தில் உப்பளத்துக்குப் போகிறவன் உண்டு. சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டுகிறவள் உண்டு. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவுவரை கால் கடுக்க நிற்கிறவர்கள் உண்டு. ஜூன் மாதத்துக் கட்டணம் அந்தக் கூலியிலிருந்துதான் பிறக்கிறது. இப்பிள்ளையைப் பார்த்து, "சென்னைக்குப் போய் ஒரு மாதம் ஊதியமின்றி வேலை பழகு" என்கிறோம். வரவேண்டிய கூலி போயிற்று. விடுதி வாடகையும் உணவும் பேருந்துச் செலவும் கையை விட்டுப் போயின. ஊதியமில்லாப் பயிற்சி இலவசப் பயிற்சி அன்று. அதன் விலையை ஏழை மட்டும் செலுத்துகிறான். சென்னையில் சொந்த வீடும் நிறுவனத்தில் சித்தப்பாவும் உள்ளவனுக்கு அது உண்மையிலேயே இலவசம்.

இந்த இடுக்கில் ஒரு வணிகம் புகுந்திருக்கிறது. ஒரு தொகையைக் கட்டினால் சான்றிதழ் வீட்டுக்கே வரும். சில இடங்களில் பெயருக்கு நான்கு நாள் கணினியில் ஏதோ காட்டுகிறார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை. வேலை செய்தவனுக்குக் கூலி என்பதே உலக வழக்கு. வேலை செய்யாமலிருக்க வேலைக்காரனே கூலி கட்டும் புதுமையை நம் தலைமுறை கண்டுபிடித்துள்ளது. பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்து, உண்மை தெரிந்தே மதிப்பெண் வழங்கும் கல்லூரிகளைத்தான் கேட்கிறோம். அவற்றுள் சிலவற்றின் முகப்பில் சிலுவை இருக்கிறது. பொய்ச்சான்று சொல்லலாகாது என்ற எட்டாம் கட்டளை மறைக்கல்வி வகுப்போடு முடிந்துவிடுகிறதா?

ஆய்வுப் பயிற்சிக்கு வருவோம். இங்கே நம் குற்றம் இன்னும் பெரிது. ஏனெனில் நேர்மையான கதவுகள் இருக்கின்றன. நாம்தான் அவற்றைக் காட்டுவதில்லை. பெங்களூரில் சர் சி. வி. இராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் கழகமும், புதுதில்லி, அலகாபாத் நகரங்களிலுள்ள வேறு இரு அறிவியல் கழகங்களும் இணைந்து ஆண்டுதோறும் கோடை ஆய்வு நல்கை வழங்குகின்றன. தேர்ந்தெடுக்கப்படும் மாணவர் நாட்டின் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில், ஓர் அறிவியலாளரின் கீழ் இரண்டு மாதம் பணிபுரியலாம். மாத உதவித்தொகை உண்டு; போய்வர இரயில் கட்டணமும் ஒரு வரம்புக்குள் உண்டு. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையமும் இத்தகைய கோடைத் திட்டங்களை நடத்தி வந்துள்ளன. பிறப்பையோ செல்வாக்கையோ கேட்காத இடங்கள் இவை.

ஆனால் இவை இரண்டைக் கேட்கின்றன. ஒன்று, காலம். கோடைக்கான விண்ணப்பத்தை ஏப்ரலில் தேடுகிறவன் ஏமாந்து போவான். அறிவியல் கழகங்களின் வாயில் முந்திய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே அடைபட்டுவிடும். நகரத்து உயர்நிலைக் கல்லூரிகளில் மூத்த மாணவர் இளையவர்க்கு இதைக் காதோடு காதாய்ச் சொல்லிவிடுகின்றனர். நம் சிற்றூர்க் கல்லூரியில் யார் சொல்வது? அறிவிப்புப் பலகையில் கட்டண நினைவூட்டலும் ஒழுங்கு விதிகளும் மட்டுமே தொங்குகின்றன.

மற்றொன்று, ஓர் ஆசிரியரின் பரிந்துரை. நம் நெஞ்சை உறுத்துவது இதுவே. மதிப்பெண்ணும், தான் என்ன ஆய்வு செய்ய விரும்புகிறான் என மாணவன் எழுதும் சிறு குறிப்பும், அவனை அறிந்த ஆசிரியர் ஒருவரின் கடிதமும் சேர்ந்தே தேர்வைத் தீர்மானிக்கின்றன. நம் கல்லூரிகளில் பலர் இக்கடிதத்தை எப்படி எழுதுகிறார்கள்? மாணவனையே எழுதி வரச் சொல்லிக் கையொப்பமிடுகிறார்கள். அல்லது, 'நன்னடத்தை உடையவர். கடின உழைப்பாளி' என்று எல்லாருக்கும் பொருந்தும் இரண்டு வரிகள். இது கடிதம் அன்று, கைகழுவுதல். பிலாத்து செய்த அதே வேலை. இந்த மாணவி ஆய்வுக்கூடத்தில் எந்தச் சோதனையில் பிழை கண்டாள், எந்தக் கேள்வியைக் கேட்டு வகுப்பை நிறுத்தினாள், எதில் அவளுக்கு இன்னும் பயிற்சி போதாது என்று எழுதினால்தான், அவளை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் ஆயிரம் தாள்களுக்கிடையில் அவளை ஒரு மனித முகமாகக் காண்பார். அப்படி எழுத ஆசிரியருக்கு மாணவியைத் தெரிந்திருக்க வேண்டுமே! எழுபது பேர் வகுப்பில் எப்படி முடியும் என்று கேட்கலாம். எழுபது பேரும் கேட்கப் போவதில்லை. கேட்பவர் மூவரோ நால்வரோதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஏன் பெங்களூருக்கே போக வேண்டும்? திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ அடிகளார் இராபினாட் உலர்தாவரக் காப்பகத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களைப் பற்றி 1980-களில் அங்கிருந்து வெளிவந்த பெருந்தொகுதிகளை இன்றும் தாவரவியலார் கையாள்கின்றனர். அவை ஒருவர் தனியே நடந்து திரட்டியவை அல்ல. பலர் வெயிலில் அலைந்து, செடி பறித்து, தாளில் அழுத்தி, பெயரிட்டுச் சேர்த்தவை. ஆய்வு என்பது அயல்நாட்டுக் கருவியில்லாமலும் நம் வயல் வரப்பிலேயே தொடங்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஜி. என். இராமச்சந்திரனும் அப்துல் கலாமும் பயின்ற கல்லூரி என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். நல்லது. ஆனால் நம் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்கள் மே மாதத்தில் என்ன செய்கின்றன? பூட்டிக் கிடக்கின்றன. சாவி அலுவலகத்தில் ஆணியில் தொங்குகிறது. வாசலில் நம் பிள்ளைகள் பயிற்சி தேடி அலைகிறார்கள்.

இனி நம் சொந்த வீட்டுக்குள் நுழைவோம். சிலருக்கு இது கசக்கலாம். நம் மருத்துவமனைகளும் பள்ளிகளும் அச்சகங்களும் சமூகப்பணி மையங்களும் இளைஞரைப் பயிற்சியாளராக ஏற்கின்றன; ஏற்பதற்கு நன்றி. ஆனால் காலை எட்டு மணிக்கு வரச்சொல்லி, வழக்கமான ஊழியர் செய்யும் வேலையையே செய்வித்து, மாத இறுதியில் ஒரு சான்றிதழும் ஒரு செபமாலையும் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஊதியம் பற்றிக் கேட்டால், "இது சேவை அல்லவா?" என்கிறார்கள். சேவை என்பது மறுக்க உரிமை உள்ளவன் மனமுவந்து தருவது. மதிப்பெண் போய்விடுமே என்ற அச்சத்தில் வருகிறவனிடம் பெறுவதற்கு அந்தத் தூய பெயரைச் சூட்டாதீர்கள்.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், ஒப்பந்தம் செய்துகொண்ட பழகுநருக்கு உதவித்தொகை தந்தே ஆகவேண்டும் என்கிறது. பெயரைப் 'பயிற்சி மாணவர்' என்று மாற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. 2024-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் பயிற்சித் திட்டம் மாதம் 5,000 ரூபாய் என்றது. ஆனால் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்போர்க்கு அதில் இடமில்லை என்றும் சொன்னது. ஆக, இரண்டாம் ஆண்டு படிக்கும் மீனவர் மகளுக்குச் சட்டமும் இல்லை, திட்டமும் இல்லை. அரசைக் கேட்க வேண்டியதே. அதற்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள நமக்கு வேறோர் ஏடு இருக்கிறது. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் நீதியான கூலியைப் பேசினார். இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றியே தனிச் சுற்றுமடல் எழுதினார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, அந்தச் சிங்கராயரை நினைந்தே அதே பெயரைத் தேர்ந்ததாகக் கர்தினால்களிடம் கூறினார். உரோமையில் பெயர் திரும்பி வந்துவிட்டது. நம் மறைமாவட்டக் கணக்குப் புத்தகத்தில் பயிற்சி மாணவருக்கென ஒரு பத்தி வருமா?

"பணத்துக்கு எங்கே போவது?" என்ற மறுப்பை எதிர்பார்க்கிறோம். பங்குத் திருவிழாவில் ஒரு மாலையில் வானில் எரிந்து மறைவது எவ்வளவு என்று நிதிக்குழுவினருக்குத் தெரியும். நாம் சப்பரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வாணவேடிக்கையில் ஒரு பகுதியைக் குறைத்தால் ஒரு பங்கிலிருந்து ஒரு மாணவியாவது ஒரு கோடை நகரத்தில் தங்கிப் பழகலாம். தங்குமிடம் என்றதும் நினைவுக்கு வருகிறது: சென்னையிலும் மதுரையிலும் நம் துறவற சபைகள் நடத்தும் மகளிர் விடுதிகள் பல, மே மாதத்தில் ஆளின்றிக் கிடக்கின்றன. பாதுகாப்பான இடம் இல்லையே என்ற ஒரே காரணத்தால் தம் மகளை அனுப்ப மறுத்த பெற்றோரை நாம் அறிவோம். நாம் திறக்காத ஓர் அறைதான் அவளுடைய ஆய்வுக் கனவை அடைத்தது.

பொதுநிலையினராகிய நம்முள் வழக்குரைஞரும் தணிக்கையாளரும் மருந்தகம் நடத்துவோரும் கட்டடப் பொறியாளரும் இல்லையா? ஞாயிறுதோறும் அதே பெஞ்சில் அமர்கிறோம். பின்வரிசையில் நிற்கும் பிள்ளை என்ன படிக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. திராட்சைத் தோட்ட உவமையை விளக்கும்போது, கடைசியில் வந்தவனுக்கும் முழுக்கூலி கிடைத்ததையே நாம் வியந்து பேசுகிறோம். அந்தத் தோட்டக்காரர் சந்தைவெளிக்கு ஒரே நாளில் ஐந்து முறை தாமே நடந்து போனார் என்பதை எந்த மறையுரையிலும் நாம் கேட்டதில்லை. தங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவர்கள் சொன்னதை அவர் நேரில் போனதால்தான் கேட்டார்.

அறிவியல் கழகங்களின் அறிவிப்பு வருவது நவம்பரை ஒட்டி. செபமாலை மாதமான அக்டோபர் தொடக்கத்திலேயே கல்லூரி முதல்வர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பங்குகளுக்கு அனுப்பலாம். ஞாயிறு திருப்பலி முடிவில் திருமண ஓலை வாசிக்கிறோம். அதற்குப் பின் இதையும் வாசிக்க இரண்டு நிமிடம் போதும். வரும் அக்டோபரில் எத்தனை பங்குகளில் அது வாசிக்கப்படுகிறது என்று இவ்விதழின் வாசகர்கள் நமக்கு எழுதட்டும். வந்த எண்ணிக்கையை, அது எவ்வளவு சிறியதாயினும், இங்கேயே அச்சிடுவோம்.