ஒரு பாட்டில்... ரெண்டு கிளைமேட்! ஆஸ்திரேலிய ஒயிட் ஒயினில் என்ன நடக்குது?

மாங்காய் பழுக்கப் பழுக்க என்ன ஆகும்? இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கும். திராட்சையும் அப்படித்தான். வெயில் கூடினால் அந்த வேகமும் கூடும். பூமி சூடாகிவரும் இந்தக் காலத்தில், ஒயிட் ஒயின் தயாரிப்பவர்களுக்குப் பெரிய தலைவலியே இதுதான்.

ஏன்னு கேட்கிறீங்களா? ஒயிட் ஒயினுக்கு உயிரே அந்தப் புளிப்புதான். அது குறைஞ்சா சப்புன்னு ஆயிடும். இன்னொரு பக்கம், பழத்தின் சர்க்கரைதான் நொதிக்கும்போது ஆல்கஹாலாக மாறுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் 1 சதவிகித ஆல்கஹால். ஆக, வெயில் ஏறினால் போதையும் ஏறும்!

இதற்கு ஆஸ்திரேலியர்கள் கையில் இருக்கும் பழைய உத்தி, கலப்பு. ஷார்டனே என்ற ஒரே ரகத் திராட்சையை எடுத்துக்கோங்க. மர்ரே நதிக்கரை வெயிலில் விளைந்தால் பீச், அன்னாசி வாசனை தூக்கலாக இருக்கும். தெற்கே, குளிரான டாஸ்மேனியா தீவில் விளைந்தால் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் மாதிரி சுர்ருனு இருக்கும். தனித்தனியாக ஒயினாக்கி, ருசி பார்த்து, அளவாகக் கலந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று சரிக்கட்டும்.

லேபிள் விதியும் இதற்கு வழிவிடுகிறது. ஒரு ஊர்ப் பெயரை மட்டும் போட்டால், குறைந்தது 85 சதவிகிதப் பழம் அங்கே விளைந்திருக்கணும். ஆனால், 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று போட்டால் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுக்க எங்கிருந்தும் பழம் வரலாம். குயின்ஸ்லாந்து, சவுத் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளும் இதில் அடக்கம்.

'ஒரே தோட்டத்து ஒயின்தான் உசத்தி, கலந்தது மட்டம்' என்று ஒரு எண்ணம் உண்டு. ஆனால், பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் காஸ்ட்லி ஷார்டனேயான 'யட்டார்னா'வே பல ஊர்ப் பழங்களின் கலவைதான்.

சரி, இந்த உத்தி எல்லோருக்கும் கைகொடுக்குமா? அங்கேதான் சிக்கல். விக்டோரியாவில் பரம்பரையாக ஒயின் தயாரிக்கும் பிரவுன் பிரதர்ஸ், 2010-ல் டாஸ்மேனியாவில் தோட்டங்களை வாங்கியது. அதற்குப் பருவநிலை மாற்றமும் ஒரு காரணம். பெரிய நிறுவனம், வாங்க முடிந்தது. மர்ரே கரையில் ஒரே ஒரு நிலம் வைத்திருக்கும் விவசாயி என்ன செய்வார்? அங்கே பலர் ஏற்கெனவே சிவப்புத் திராட்சைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

அவர்களுக்கு இருக்கும் வழிகள் வேற. சீக்கிரமே அறுவடை செய்யலாம். வெயில் தாங்கும் ஃபியானோ போன்ற இத்தாலிய ரகங்களுக்கு மாறலாம். ஒயினில் டார்டாரிக் அமிலம் சேர்க்கவும் அங்கே அனுமதி உண்டு. ஆனால், அது புளிப்பைத்தான் தரும். குளிர் ஊர்ப் பழத்தின் வாசனையைத் தராது. கொடியைப் புதிதாக நட்டால் முழு விளைச்சலுக்குச் சில வருடங்கள் காத்திருக்கணும். அதுவரை கடன் காத்திருக்குமா?

இன்னொன்று, குளிர்ந்த ஊர்களும் சூடாகிக்கொண்டுதான் இருக்கின்றன. கலப்பு கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான்.

அதனால, லேபிளில் ரெண்டு மூணு ஊர்ப் பெயரைப் பார்த்தா 'கலப்படம்'னு நினைச்சிடாதீங்க. வெயிலைச் சமாளிக்க யாரோ போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கைப் போட எத்தனை பேருக்கு ரெண்டாவது தோட்டம் இருக்கு என்பதுதான் கேள்வி!

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)