பழனிக்கு நடக்கிறீர்களா? உப்பையும் மடியில் கட்டுங்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண். கம்பெனியில் 12 பெண்கள் சேர்ந்து பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறார்களாம். திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர்.

"ஏனுங் அத்தை, வழியில தண்ணி அதிகமாக் குடிக்கக் கூடாதுங்களாமா? அடிக்கடி ஒதுங்க எடம் தேடணும், பொம்பளைங்களுக்குச் சங்கடம்னு பெரியவங்க சொல்றாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இதே புத்திமதியைக் கேட்டுத்தான் நானும் என் முதல் யாத்திரையில் அவிநாசிபாளையத்திலிருந்து குண்டடம் வரை நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு சாலையோரப் புளியமரத்தடியில் கண் இருட்டி உட்கார்ந்தவள், எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆகவே இந்த இதழில் சமையல் குறிப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வெயிலில் நெடுந்தூரம் போகிறவர்கள் என்ன சாப்பிடுவது, எப்படிக் குளிர்ச்சியாக இருப்பது என்பதைப் பேசலாமா?

42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஓடினால் மாரத்தான். அதைத் தாண்டி எவ்வளவு போனாலும் அல்ட்ரா மாரத்தான் என்று வெளிநாட்டில் பெயர் வைத்து, பணம் கட்டி ஓடுகிறார்கள். மொராக்கோ நாட்டில் சகாரா பாலைவனத்தில் 1986 முதல் ஒரு பந்தயம் நடக்கிறது. சுமார் 250 கிலோமீட்டரைச் சில நாட்களில் கடக்க வேண்டும். சாப்பாட்டை அவரவர் முதுகில் சுமக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு 2,000 கலோரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. அமெரிக்காவில் மரணப் பள்ளத்தாக்கு என்றே பெயர் பெற்ற இடத்தில் ஜூலை மாத வெயிலில் 217 கிலோமீட்டர் ஓடுகிறவர்களும் உண்டு. நம்மவர்கள் வெறுங்காலோடு காவடியும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கிற தீர்த்தக் காவடிக்காரர்களைப் பார்த்திருப்பீர்களே! அவர்களுக்கு யார் மெடல் போடுகிறார்கள்?

நம் சீமை பாலைவனம் அல்லதான். ஆனாலும் மேற்கு மலையின் மழை மறைவில் கிடக்கிற மேட்டாங்காடு. காற்றாலை சுற்றுகிற அளவுக்குக் காற்று. அந்தக் காற்றில் ஈரம் இல்லை. தைப்பூச யாத்திரை பனிக்காலத்தில் வருகிறது, சமாளிக்கலாம். பங்குனி அப்படியல்ல. வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். "வேர்க்கவே இல்லையே" என்று ஏமாந்து போவோம். புறங்கையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், அப்போது தெரியும். வெயிலில் வேகமாக நடந்தால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம்.

அப்படிப் போவது நல்லதற்குத்தான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் ஆவியானால் சுமார் 580 கலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சங்கதி. பானையில் தண்ணீர் இல்லாவிட்டால் எது கசிந்து குளிர வைக்கும்?

அதனால் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். நடக்கும்போது இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், தாகத்தைப் பார்த்துச் சற்றுக் கூடக் குறைய. ஆனால் கவனியுங்கள், வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்குப் 13 பேருக்கு ரத்தத்தில் உப்புச் சத்து அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. தாகம் இல்லாமலே குடித்துக் குடித்து, ஓட்டம் முடிகையில் எடை கூடியிருந்தவர்களுக்கும் மெதுவாக ஓடியவர்களுக்கும்தான் இது அதிகம். அந்தப் பந்தயத்தில் ஓடிய ஓர் இளம்பெண் இதனாலேயே உயிரிழந்தாள். தலைவலி, குமட்டல், விரல் மோதிரம் இறுகும்படி கை வீங்குவது, பேச்சில் தடுமாற்றம் இவையெல்லாம் அடையாளம். இப்படி இருக்கிறவளுக்கு "இன்னும் கொஞ்சம் தண்ணி குடி கண்ணு" என்று ஊற்றினால் கெட்டது போங்கள்!

வியர்வையோடு லிட்டருக்குச் சுமார் அரை டீஸ்பூன் உப்பு போகிறது; ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதைத் திருப்பிக் கொடுக்க நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. 1971-ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். சர்க்கரை கூட இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் சட்டென்று இழுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை ஆறு டீஸ்பூன், தலை தட்டி அளக்க வேண்டும். நடைக்கு எனக்குப் பிடித்தது பானகம்: லிட்டருக்கு 50 கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சம்பழம், சுக்கு ஒரு சிட்டிகை, அதே அரை டீஸ்பூன் உப்பு. நீர்மோர் பிரமாதம், உப்புப் போட்டதாக இருந்தால். இளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்புக் குறைவு. ஒரு சிட்டிகை போட்டுக் குடியுங்கள். ரத்தக் கொதிப்புள்ளவர்களும் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாடு? உடம்பு சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிதான். 80 கிலோமீட்டருக்கு அது எந்த மூலைக்கு! அன்னதானப் பந்தலில் வயிறு முட்டப் பொங்கல் சாப்பிட்டு வெயிலில் நடந்தால் குமட்டும். சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கு ஓடுகிறது, வயிற்றுக்குப் பங்கு குறைகிறது. மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து போதும், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வாழைப்பழமே ஏறக்குறைய அவ்வளவு. பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழ் எல்லாம் தேவலை. ஓட்டக்காரர்கள் விலை கொடுத்து ஒரு ஜெல் வாங்கிப் பிழிந்து விழுங்குகிறார்கள். பழமும் வெல்லமும் தேனும் சேர்ந்த பஞ்சாமிர்தம் வேறென்ன? பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நடந்து முடித்த பிறகுதான் அது கைக்கு வருகிறது என்பதுதான் குறை!

உடுப்புக்கு வருவோம். நாம் பனியன் ஊர்க்காரர்கள், நமக்குச் சொல்லவா வேண்டும்? வறண்ட வெயிலில் லேசான வெளிர் நிறக் காட்டன் நல்லது. நனைத்துக்கொண்டால் நெடுநேரம் குளிர்ச்சி. ஆனால் ஈரக் காட்டன் கனத்து, அக்குளிலும் தொடையிலும் உரசிப் புண்ணாக்கும். விளையாட்டு பனியனுக்கு ஃப்ளாட்லாக் தையல் போடுவது எதற்கு? தையல் மேடு தட்டாமல் படிந்து கிடக்கட்டும் என்றுதான். ஓவர்லாக் தையல் பனியனாக இருந்தால் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொள் என்றேன். அண்ணன் மகள் சிரித்துவிட்டாள். "செக்கிங்ல இருந்துட்டு நானே அப்படிப் போட்டுட்டுப் போனா சிரிப்பாங்கத்தை!" சிரிக்கட்டுமே. உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

கையில் இரண்டு பாட்டில் இருக்கட்டும், ஒன்று குடிக்க, ஒன்று நனைக்க. துண்டை நனைத்துக் கழுத்திலும் தலையிலும் போட்டால் போதும். பாதத்தை மட்டும் நனைக்காதீர்கள், கொப்புளம் வரும். மரணப் பள்ளத்தாக்கில் ஓடுகிறவர்கள் கழுத்துத் துணியில் ஐஸையே முடிந்துகொள்கிறார்கள்.

நடக்கிற நேரம் அதைவிட முக்கியம். சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பி 10 வரை. விடிகாலை 3½-க்கு எழுந்து 9 வரை. நடுப்பகலில் நிழலில் தூக்கம். மறுபடி அதே மாதிரி. மணிக்கு 4 கிலோமீட்டர் என்றாலும் 80 கிலோமீட்டர் கடந்துவிடும். இருட்டில் நடப்பதால் முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஸ்டிக்கர் கட்டாயம். வெயிலுக்கு உடம்பு பழக 10 நாளிலிருந்து 14 நாள் ஆகும்; பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், உப்பும் குறைவாகப் போகும். ராத்திரி 8½ வரை கம்பெனியில் இருக்கிற பெண் வெயிலுக்கு எங்கே போவாள்? அயர்ன் மாஸ்டர்கள் பாதி பழகியவர்கள், மற்றவர்கள் ஞாயிறு மாலை நாலு மணிக்காவது ஒரு மணி நேரம் நடக்கலாம். முழுப் பழக்கம் வராது, ஏதோ கொஞ்சம்.

ஒதுங்குகிற சங்கடத்துக்கு வருகிறேன். தண்ணீரைக் குறைப்பது இதற்கு மருந்தல்ல. சிறுநீரை அடக்கினால் கடுப்பும் காய்ச்சலும் வரும். பன்னிரண்டு பேரும் சேர்ந்தே ஒதுங்குங்கள். ஒரு பழைய சேலை இருந்தால் இரண்டு பேர் பிடித்துத் திரை கட்டலாம். பெட்ரோல் பங்க்கோ மண்டபமோ கண்ணில் பட்டால், தேவைப்படாவிட்டாலும் போய் வந்துவிடுங்கள். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. மாத விலக்கைத் தள்ளிப் போட மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். கால்வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளும் வழியில் வேண்டாம். தண்ணீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உடன் வருகிறவள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, அது வெப்ப மயக்கம். சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்த்துக்கொண்டே இருந்தாலும் அதுதான். 108-க்கு ஃபோன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கை கட்டி நிற்காமல் நிழலில் படுக்க வைத்துத் தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவள் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்குக் கேட்காது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செரிங்கத்தை, உப்ப எப்படி வழியில அளக்கறதுங்?" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அரை டீஸ்பூன் வீதம் காகிதத்தில் பொட்டலம் மடித்தோம். ஆளுக்கு 8, மொத்தம் 96.