மூன்று எழுத்தும் முழுப் பெயரும்

ஜொகூரின் ஸ்கூடாயில் யு.டி.எம். என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1975இல் இந்தப் பெயரை ஏற்ற கல்விக்கூடம் அது. பக்கத்துக் குடியிருப்புக்கே தாமான் யுனிவர்சிட்டி என்று பெயர்.

ஆனால் அதே வளாகத்தில் நில அளவை படிக்கும் மாணவருக்கு இன்னொரு யு.டி.எம்.மும் உண்டு. யுனிவர்சல் டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் என்ற வரைபட முறை அது. உலகை ஆறு பாகைக்கு ஒன்றாக 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. கிழக்கு 102 பாகையில் 47ஆவது மண்டலம் முடிந்து 48ஆவது தொடங்குகிறது. இதனால் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகம் ஒரு மண்டலத்திலும் ஸ்கூடாய் வளாகம் அடுத்ததிலும் அமைந்திருக்கின்றன. கனடாவின் மிசிசாகாவில் இருப்போருக்கோ யு.டி.எம். என்பது டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அங்குள்ள வளாகம்.

இப்படிப் பல உண்டு. கே.டி.எம். என்றால் மலேசியாவில் ரயில். தமிழ்நாட்டு இளைஞருக்கு ஆஸ்திரிய மோட்டார் சைக்கிள். விமானப் பயணச்சீட்டில் காத்மாண்டு. ஏ.டி.எம். வங்கியில் பணம் தரும், மலாய்ச் செய்தியில் அதுவே நாட்டின் ராணுவம். இவற்றால் பெரிய கேடில்லை. பேசும் இடமே பொருளைக் காட்டிவிடும்.

தமிழில் எழுதும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. ஆங்கிலத்தில் வெவ்வேறாக நிற்கும் எழுத்துகள் நம் 'பி', 'டி' ஆகியவற்றில் ஒன்றாகிவிடுகின்றன. பி.டி.ஏ. என்பது தமிழ்நாட்டுப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம். பெங்களூரில் நகர வளர்ச்சி ஆணையம். இலங்கையில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம்! விசாரணையின்றிப் பலரை ஆண்டுக்கணக்கில் சிறைவைத்த சட்டத்தின் பெயரைப் பள்ளிச் சங்கத்தின் பெயரோடு மயங்கும்படி எழுதலாமா? இலங்கைத் தமிழ் ஏடுகளில் அதை முழுப் பெயரிலேயே எழுதும் வழக்கம் நிலைத்திருப்பது நல்லது.

மலேசியத் தமிழ் மாணவருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். ஸ்கூடாயில் யு.டி.எம்.; மலாக்காவில் யு.டி.இ.எம்.; இதே ஜொகூரின் பாரிட் ராஜாவில் யு.டி.எச்.எம்.; அவற்றோடு யு.ஐ.டி.எம். இந்தக் கடைசிப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை இடங்கள் பூமிபுத்ராக்களுக்கானவை. நடுவில் ஓர் எழுத்து கூடினால் நம் பிள்ளை விண்ணப்பிக்கக்கூடிய இடமா இல்லையா என்பதே மாறிவிடுகிறது. எஸ்.பி.எம். தேர்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு செய்தித்தாளில் வழி தேடும் பெற்றோர் எல்லாருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்கும் என்று எண்ணுவது தவறு.

இடம் போதவில்லை என்ற காரணம் தலைப்புக்குப் பொருந்தலாம், செய்திக்குப் பொருந்தாது. முதல் முறை வரும்போது முழுப் பெயரையும் ஊரையும் எழுதுங்கள், பத்திரிகை ஆசிரியர்களே. சுருக்கம் அடுத்த வரியில் வரட்டும்.