பள்ளிக்கூட வாசலில் பத்து ரூபாய்



பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நம்மவர்களை அள்ளிக்கொண்டு பெங்களூரை நோக்கி ஓடுகிறதே, அந்த ரயிலை அறியாத குடும்பம் ஆண்டர்சன்பேட்டையில் உண்டா? 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. பூமிக்கு அடியில் இறங்கிப் பிழைத்தவர்களின் பிள்ளைகளாகிய நாம், அன்றிலிருந்து நாள்தோறும் நூறு கிலோமீட்டர் போய், நூறு கிலோமீட்டர் திரும்பி வந்து பிழைக்கிறோம்.

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர்க்கதை எல்லாம் காதில் விழும். "புள்ள இன்னும் எழுந்திருக்கல அண்ணே. தலைமாட்டுல பத்து ரூபா வச்சிட்டு வந்துட்டேன்" என்று ஒரு சகோதரி சொல்லாத நாளில்லை. அடுப்பு மூட்ட நேரமில்லை. ஆனால் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது. ஆகவே அந்தப் பத்து ரூபாய். அது தாயின் அன்பு. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

அந்தப் பத்து ரூபாய் எங்கே போகிறது என்பதைத்தான் இந்த மாதம் பேச வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூட வாசலில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். கடையின் முன்னால் தோரணம் போல் பளபளக்கும் பொட்டலங்கள் தொங்குகின்றன. சிப்ஸ், குர்குரே, கலர் தண்ணீர், சர்க்கரைப் பாகில் முக்கிய மிட்டாய். பையைப் பிரித்தால் பாதிக்கு மேல் காற்று. மீதியில் உப்பும் எண்ணெயும். கலர் பானத்தில் நூறு மில்லிக்கு ஏறத்தாழ பத்து கிராம் சர்க்கரை. இருநூறு மில்லி பாட்டிலில் இருபது கிராம். மொத்தச் சக்தியில் சேர்க்கும் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. சின்ன வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டால், அந்த 5 சதவீதம் நாளொன்றுக்கு இருபது கிராமைத் தாண்டாது. அதாவது ஒரு நாள் முழுவதற்குமான சர்க்கரை, முதல் மணி அடிக்குமுன்பே பிள்ளையின் வயிற்றில் இறங்கிவிடுகிறது. பத்து மணிக்குள் அந்தத் தெம்பு வடிந்து, பதினோரு மணிக்குப் பிள்ளை மேசையில் தலை சாய்க்கிறது. "உங்க பையனுக்குக் கவனமில்லை" என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது! நம்மில் பலருக்குத் தெரியாது என்பதே வேதனை.

பள்ளி வாசல்களில் விற்கும் பொட்டலத் தீனியை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்தது. 2015இல் நீதிமன்றம், இதற்கு விதிகள் செய்யும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஐந்து ஆண்டுகள் இழுத்தடித்த பின், 2020 செப்டம்பரில் விதிகள் அரசிதழில் வந்தன. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுப் பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள் விற்கக் கூடாது. பள்ளி வாயிலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, இலவசமாகவும் கொடுக்கக் கூடாது, விளம்பரமும் கூடாது. இதை எழுதிப் பள்ளி வாயிலில் பலகை மாட்ட வேண்டும். பள்ளியில் கேண்டீன் நடத்துபவர் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும்.

50 மீட்டர் என்பது ஏறத்தாழ எழுபது தப்படி. உங்கள் பிள்ளையின் பள்ளி வாயிலிலிருந்து எழுபது தப்படி நடந்து பாருங்கள். எத்தனை தோரணம் தொங்குகிறது என்று எண்ணுங்கள். பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சட்டம் தூங்கினால் ஒரு துன்பம். திடீரென்று விழித்தால் இன்னொரு துன்பம். இதை எழுதுகிறவன் கண்ணால் கண்ட சம்பவம் ஒன்று. ஒரு பள்ளி வாசலில் மூதாட்டி ஒருவர் கூடையில் வேர்க்கடலையும் நெல்லிக்காயும் கொய்யாவும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள், "பள்ளிக்கு முன்னால் தின்பண்டம் விற்கக் கூடாது, சட்டம் வந்திருக்கிறது" என்று சொல்லி அவரை எழுப்பிவிட்டார்கள். கூடை போயிற்று. பத்தடி தள்ளி இருந்த கடையில் சிப்ஸ் தோரணம் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. பள்ளிக்குள் கேண்டீனில் கலர் பாட்டில் அப்படியே குளிர்ந்துகொண்டிருந்தது. எது நல்ல தீனியோ அது வெளியேற்றப்பட்டது; எதைத் தடுக்கச் சட்டம் வந்ததோ அது நிலைத்துவிட்டது!

இது அநியாயம். சட்டம் கூடையைக் குற்றம் சொல்லவில்லை. கூடையில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறது. அவித்த கடலையும் கொய்யாவும் அந்தத் தடைக்குள் வரவே வராது. மேலும், நடைபாதை வியாபாரிகளுக்கென்று 2014ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு இடம் வியாபாரிகளுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. நினைத்தபோது எழுப்பிவிட யாருக்கும் அதிகாரம் இல்லை. ஒரு சட்டத்தைக் காட்டி ஏழையை விரட்டுகிறவர், மற்றொரு சட்டத்தை மறைத்து வைக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கூடை வியாபாரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஆதரிக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். பஞ்சு மிட்டாயில் துணிச்சாயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு தடை செய்தது. மார்ச் மாதம் கர்நாடக அரசு பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியிலும் செயற்கைச் சாயத்தைத் தடை செய்தது. அந்தத் தடை சரியானதே. சாயம் போட்டு விற்பவர் நம் சொந்தக்காரராக இருந்தாலும், "மாமா, இதை என் பிள்ளைக்கு விற்காதே" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். சாயத்தை விடச் சொல்லலாம்; பிழைப்பை விடச் சொல்ல முடியாது.

சரி, பொட்டலம் போனால் பிள்ளை என்ன தின்னும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தடை மட்டும் பேசுவது பயனற்ற பேச்சு.

குமாஸ்தாவுக்குக் கணக்குப் போடத்தான் தெரியும், போட்டுக் காட்டுகிறோம். ஒரு கிலோ கொண்டைக்கடலையை இரவில் ஊறவைத்துக் காலையில் அவித்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஐம்பது கிராம் வீதம் நாற்பது பிள்ளைகளுக்குப் பங்கு. கடலை கிலோ நூற்றிருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பங்குக்கு மூன்று ரூபாய். தேங்காய், கடுகு, அடுப்புச் செலவு, அவிக்கிறவர் கூலி எல்லாம் சேர்த்தும் பத்து ரூபாய்க்குள் அடக்கலாம். அந்தப் பங்கில் நான்கு கிராமுக்கு மேல் புரதச் சத்து. பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் இதில் பாதியாவது கிடைக்குமா?

நம் கோலார் மண்ணின் கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. சுரங்கத்தில் இறங்கிய நம் பாட்டன்மார் கேழ்வரகுக் களியையும் கூழையும் நம்பி உழைத்தார்கள். இன்று கூழ் குடிப்பது கௌரவக் குறைவு. பாட்டில் குடிப்பது நாகரிகம்! இந்த நாகரிகத்தை நமக்கு விற்றவர்கள் யார், அதில் லாபம் யாருக்கு என்று சிந்திக்க வேண்டாமா?

பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது தமிழனுக்குப் புதிதல்ல. 1920இல் நீதிக்கட்சி ஆண்ட சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தந்தது. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 முதல் அங்கே தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் கொடுக்கிறார்கள். நாம் குடியேறி வாழும் கர்நாடகமும் சும்மா இருக்கவில்லை. அட்சர தாசோகம் என்ற மதிய உணவு 2002இல் தொடங்கியது. 2013 ஆகஸ்டு முதல் க்ஷீர பாக்கியத்தில் 150 மில்லி பால். 2024 பிப்ரவரியில் பாலோடு கேழ்வரகு மால்ட். முட்டை கூடாது என்று 2021இல் சில மடாதிபதிகள் முழங்கியபோதும், பிள்ளைகள் முட்டை கேட்டார்கள், முட்டை வந்தது. 2024இல் அது வாரம் ஆறு நாளாக உயர்ந்தது. முட்டைக்குப் பதிலாகக் கொடுத்த கடலை மிட்டாயில் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம் என்று 2025இல் அதையே நிறுத்தினார்கள். அரசு தன் கையால் கொடுப்பதையே அளந்து பார்க்கிறது. வாசலில் தொங்குவதை மட்டும் யாரும் அளக்கவில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பாலும் முட்டையும் மதிய உணவும் அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும்தான். நம்மில் எத்தனையோ பேர் வட்டிக்குக் கடன் வாங்கித் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிறோம். அங்கே பாலும் இல்லை, முட்டையும் இல்லை. கேண்டீன் மட்டும் உண்டு. ஃபீஸும் கட்டி, பொட்டலத்துக்கும் பணம் கொடுக்கிறோம். இதை எழுதுகிறவன் மகளின் பையில் ஒரே வாரத்தில் ஐந்து காலிப் பொட்டலங்கள் கிடந்தன. கொடுத்த பத்து ரூபாய்க்குக் கணக்கு அன்றுதான் தெரிந்தது. ஊருக்கு உபதேசம் செய்யுமுன் சொந்த வீட்டுக் குறையை ஒப்புக்கொள்வது முறை.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பொட்டலத்தின் முகத்தில் கறுப்பு முத்திரை குத்துகிறார்கள். அந்த முத்திரை விழுந்த பண்டம் பள்ளிக்குள் நுழையக் கூடாது. மெக்சிகோவில் 2025 மார்ச் முதல் பள்ளிகளில் அத்தகைய தீனிக்குத் தடை. நம் நாட்டிலும் 2025 மே மாதம் மத்திய கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ., தன் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளே எழுதிப் பார்ப்பதற்காக. அதை நம் ஊர்ப் பள்ளிகளும் ஏன் செய்யக் கூடாது? ஒரு கரும்பலகையும் ஒரு சாக்பீஸும் போதுமே!

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: ஒவ்வொரு பள்ளி வாயிலிலும் 50 மீட்டர் விதியின் பலகை மாட்டப்பட வேண்டும். கன்னடத்தோடு தமிழிலும் எழுதினால் நம் தாய்மார் படிப்பார்கள்.

இரண்டு: விதி முதலில் பள்ளிக் கேண்டீனுக்குப் பாயட்டும், அடுத்துப் பொட்டலத் தோரணக் கடைக்கு. கூடைக்காரரை எழுப்பக் கூடாது. சுண்டல், அவித்த கடலை, பழம், மோர் விற்பவருக்கு ராபர்ட்சன்பேட்டை நகரசபை விற்பனைச் சான்று தந்து, உணவுப் பதிவுக்கும் உதவி, நிழலும் தண்ணீரும் தர வேண்டும்.

மூன்று: பள்ளிகளின் சிற்றுண்டி சப்ளையை நம் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுக்க வேண்டும். ரயில் ஏற முடியாத வயதிலும் நிலையிலும் உள்ள எத்தனையோ கைகள் இங்கே வேலையின்றி இருக்கின்றன. சுத்தமான தண்ணீர், மூடிய பாத்திரம், தலையில் துணி, கைகழுவ சோப்பு, அன்றன்று சமைத்தது அன்றன்றே தீர்வது என்ற ஒழுங்கை அவர்கள் ஏற்க வேண்டும். தரம் கேட்பது பிள்ளைக்காக. அதில் சலுகை கேட்கலாகாது.

நான்கு: ரயிலேறும் தாய்மாரின் ஊர் இது. தமிழ்நாட்டைப் போல் காலைச் சிற்றுண்டி இங்கும் வேண்டும்.

ஐந்து: பள்ளியில் குடிநீர் வேண்டும். குழாயில் தண்ணீர் வராத இடத்தில் கலர் பாட்டிலைத் தடுப்பது நடக்கிற காரியமா?

அரசிடம் கேட்பது இவ்வளவு. நம்மிடமே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அரசுப் பள்ளியானால் பள்ளி மேற்பார்வைக் குழுவும், தனியார் பள்ளியானால் பெற்றோர் கூட்டமும் இருக்கிறது. "எனக்கு லீவு இல்லை" என்று நாம் போகாததால்தான் அங்கே நம் குரல் இல்லை. வீட்டுக்கு ஒருவர் போக முடியாவிட்டால் தெருவுக்கு ஒருவராவது போவோம். போகிறவரின் அரைநாள் கூலியைத் தெருவார் பங்கிட்டுக் கொடுப்போம். சுரங்கக் காலத்தில் நம் பெரியவர்கள் சங்கம் வளர்த்தது இப்படித்தான்.

தாய் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகும் பத்து ரூபாய் அப்படியே இருக்கட்டும். அது பள்ளி வாசலுக்குப் போய்ச் சேரும்போது, எழுப்பிவிடப்பட்ட அந்த மூதாட்டி தன் கூடையோடு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கான முதல் வேலை, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையின் பள்ளி வாயிலிலிருந்து எழுபது தப்படி நடந்து பார்ப்பது. கண்டதை எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பட்டியலோடு நகரசபைக்குப் போவோம், வாருங்கள்!