குளிர்கால மேசை: படகில் இல்லாத ஒரு சாமான்



சென்ற இதழில் பட்டம் கட்டுவது பற்றி எழுதியதற்கு ஐந்தாறு பேர் ரெலிபோன் எடுத்தார்கள். மூங்கிலுக்கு எங்கே போவது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். பூங்கன்றுக்கு முண்டு கொடுக்க விற்கிறார்களே, அந்தத் தடியைப் பிளந்து பாவியுங்கள். காணும்.

இம்முறை பிளாஸ்ரிக் மொடல் கட்டிய கதை. கதை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலு கிழமையில் முடிக்க நினைத்த வேலை மூன்று மாதம் இழுத்தது.

பன்னிரண்டு வயது மகன் பிறந்தநாள் காசில் ஒரு பெட்டி வாங்கி வந்தான். மேலே படம்: கடலைக் கிழித்துக்கொண்டு வரும் ரோந்துப் படகு ஒன்று, இரண்டு பக்கமும் துவக்குகள். அம்மா (அவனுக்கு அப்பம்மா) படத்தைக் கண்டதும், "உதை ஏன் ராசா வீட்டுக்குள்ள கொண்டு வந்தனீ?" என்றா. அவவில் பிழையில்லை. எங்கள் கரையில் அந்த உருவம் தூரத்தில் தெரிந்தால் வள்ளக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவார்கள். எனக்கும் அந்தப் படத்தைப் பார்க்க மனமில்லை. பெட்டி இரண்டு கிழமை அலுமாரிக்கு மேல் கிடந்தது.

பிறகு ஒருநாள் மகன் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்துடன் வந்தான். "அப்பா, இது வேற சண்டை, வேற கடல். இந்தப் படகு முடிவில உடைஞ்சுபோகுது. ஆக்கள் நீந்தித் தப்பினவை" என்றான். நீந்தித் தப்பியவர்கள் என்றதும் நானும் கதிரையை இழுத்துப் போட்டேன்.

அந்தப் படகின் பெயர் பி.ரி. 109. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை பாவித்த சிறிய, வேகமான டோர்பிடோப் படகுகளில் ஒன்று. டோர்பிடோ என்பது நீருக்குள்ளால் ஓடிப்போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் குண்டு. எல்கோ என்ற கம்பனி நியூ ஜெர்சி மாநிலத்தில் பேயோன் என்னும் இடத்தில் கட்டி, 1942 ஜூனில் தண்ணீரில் இறக்கியது. நீளம் 80 அடி. மூன்று பக்காட் பெற்றோல் இயந்திரங்கள், நாலு டோர்பிடோக் குழாய்கள், இரண்டு இரட்டைக் குழல் இயந்திரத் துவக்குகள், பின்னால் ஒரு 20 மில்லிமீற்றர் பீரங்கி. 1943 ஏப்ரலில் சொலமன் தீவுகளில் அதன் பொறுப்பை ஏற்றவர் ஜோன் கென்னடி. அப்போது அவர் ஓர் இளம் லெப்டினன்ட், 1961இல்தான் ஜனாதிபதியானார்.

எங்கள் மொடல் 1/72 அளவு. அதாவது உண்மையில் 72 சென்ரிமீற்றராக இருப்பது மேசையில் ஒரு சென்ரிமீற்றர். 80 அடிப் படகு 34 சென்ரிமீற்றராகிவிடும், நிற்கும் மனிதன் உங்கள் பெருவிரல் அகலத்துக்குச் சற்றுக் கூட. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. வகுத்தல் என்றால் முகத்தைச் சுளிப்பவன் தானாகவே கணக்கிடும் கருவியைத் தேடி எடுத்தான்.

முதல் பிழை நான் விட்டது. போர்ப் படகுதானே என்று மகன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் உடல் முழுவதற்கும் சாம்பல் நிறம் அடித்து வைத்தேன். பின்னேரம் வந்தவன் அழாக்குறையாக நின்றான். பழைய படங்கள் கறுப்பு வெள்ளை. அவற்றைப் பார்த்து நிறம் பிடிக்க முடியாது. ஆனால் 109 தெற்குப் பசிபிக்கில் ஓடியபோது கரும்பச்சை என்பது அவன் படித்த புத்தகத்தில் எழுத்தில் இருந்தது. பகலில் மரம் செடி அடர்ந்த தீவுக்கரையோடு ஒதுங்கி நிற்க வேண்டிய படகுக்குப் பச்சைதான் பொருத்தம். இதை நான் யோசித்திருக்க வேண்டும். உரஞ்சுதாளும் கையுமாக இரண்டு இரவு என்னுடைய வேலை போயிற்று.

அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். "பி.ரி. 109 எப்படி இருந்தது?" என்று கேட்பதில்லை. "எந்த நாளில்?" என்று கேட்பது. ஒரு படகு கட்டிய நாளில் ஒரு மாதிரி, ஒரு வருடம் ஓடிய பிறகு வேறு மாதிரி. சாமான் கழற்றுவார்கள், பூட்டுவார்கள், திரும்ப நிறம் அடிப்பார்கள். பெட்டியில் வருவது பொதுவான படகு. சரித்திரத்துக்கு ஒத்த மொடல் என்றால் ஒரு திகதியைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நிற்க வேண்டும். மகன் பிடித்த திகதி 1943 ஓகஸ்ட் 1, மாலை. அந்தப் படகின் கடைசி மாலை.

அந்த மாலையில் ரென்டோவாத் தீவிலிருந்து 15 படகுகள் புறப்பட்டன. நாலில் மட்டுமே ரேடார் இருந்தது. 109இல் இல்லை. ஆகவே எங்கள் மொடலிலும் கிடையாது. உடலில் பலகைக் கோடு கீறவேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். இன்னொருவர் அது ஒட்டுப்பலகைப் படகு என்று அடித்துச் சொன்னார். இரண்டும் சரியில்லை. எல்கோ படகின் உடல் ஓரங்குல மகோகனிப் பலகை இரண்டு அடுக்கு. நடுவில் பசை ஊறிய துணி. மேலே நிறமும் பூசினால் 1/72 அளவில் எந்தக் கோடும் கண்ணுக்குத் தெரியாது. வழவழப்பாக விடுவதுதான் உண்மை. சில இடங்களில் வேலை செய்யாமல் விடுவதும் வேலைதான்.

இனி அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு வருவோம். எங்கள் மூன்று மாதத்தில் பாதி போனது அங்கேதான்.

ஜப்பானியரின் படையேற்றும் சிறு படகுகளை அடிக்க இருக்கிற துவக்குகள் போதாது என்று கென்னடி தரைப்படையின் 37 மில்லிமீற்றர் ராங்கி எதிர்ப்புப் பீரங்கி ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதன் சில்லுகளைக் கழற்றி அணியத்தில் வைத்தார்கள். ஆணி அடித்துப் பூட்ட நேரமில்லை. கனமான மரக்கட்டைகளை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள், பிறகு ஒழுங்காகப் பூட்டலாம் என்று. அந்தப் பிறகு வரவில்லை.

அந்த மரக்கட்டைகள் எங்கள் பெட்டியில் இல்லை. அவை எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பதைக் காட்டும் படமும் நாங்கள் பார்த்த புத்தகங்களில் இல்லை. எட்டங்குல அகலம், இரண்டங்குலத் தடிப்பு என்ற அளவு மட்டும் கிடைத்தது. 72ஆல் பிரித்தால் அகலம் மூன்று மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு, தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கோப்பிக் கடையில் சீனி கலக்கத் தரும் மரக் குச்சியை எடுத்து நீளவாக்கில் பிளந்து, உரஞ்சுதாளில் தேய்த்துத் தேய்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தோம். முதல் ஆறும் முறிந்தன. கயிற்றுக்கு அம்மாவின் தையல் நூல். நூலில் மயிர் நிற்கும், மெழுகுதிரியில் ஒருமுறை இழுத்தால் படிந்துவிடும்.

பீரங்கி வைத்த இடத்தில் முன்பு இருந்தது ஒரு சின்ன உயிர்காப்புத் தெப்பம். பீரங்கிக்கு இடம் வேண்டி அதை எடுத்துவிட்டார்கள். பெட்டியில் தெப்பம் இருந்தது; மகன் அதை முன்கூட்டியே நிறம் அடித்து ஒட்டியும் விட்டான். நான் கத்தியை எடுத்தேன்.

"அப்பா, ஏன் வெட்டுறீங்கள்?"

"அண்டைக்கு அது இல்லையடா. நீதானே திகதி சொன்னனீ."

"அதை எடுத்துப்போட்டுப் போனது பிழைதானே? அவருக்குத் தெரியாதா?"

உடனே மறுமொழி சொல்ல எனக்கு வரவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன். ஓகஸ்ட் 2 அதிகாலை இரண்டரை மணியளவில், பிளாக்கெற் நீரிணையில், நிலவில்லாத இருட்டு. அலையின் வெள்ளை எதிரிக்குத் தெரியக்கூடாது என்று ஓர் இயந்திரத்தில் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து அமகிரி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் வந்து மோதிப் படகை உடைத்துக்கொண்டு போனது. படகில் இருந்தவர்கள் 13 பேர். இருவர் இறந்தார்கள். முன்பாதி மட்டும் மிதந்தது. மற்றவர்கள் பகல்வரை அதில் தொற்றியிருந்தார்கள். அதுவும் தாழத் தொடங்க, மூன்றரை மைல் தூரத்தில் தெரிந்த ஒரு சின்னத் தீவுக்கு நீந்தத் தீர்மானித்தார்கள். எரிகாயம் பட்ட ஒருவரைக் கென்னடி அவருடைய மிதவைச் சட்டையின் பட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு இழுத்துப் போனார். மற்ற ஒன்பது பேரும் பிடித்துக்கொண்டு போனது ஒரு மரக்கட்டையை.

"எந்த மரக்கட்டை?" என்றான்.

மேசையில் கிடந்த குச்சியைக் காட்டினேன். தெப்பத்தை எடுத்துவிட்டு வைத்த பீரங்கியைத் தாங்கிய அதே கட்டை. நாலு மணித்தியாலம் அதைப் பிடித்துக்கொண்டு கால் அடித்தார்கள்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானே கத்தியை வாங்கித் தெப்பத்தைக் கழற்றினான்.

அன்றிரவு, அதுவரை அவனுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். 1990இல் மன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வந்தபோது எனக்கு அவனைவிட இரண்டு வயது குறைவு. பதினெட்டடி பிளாஸ்ரிக் வள்ளம். ஓட்டி பக்கத்துக்கு இரண்டாக நாலு வெறும் கான்களைக் கட்டி வைத்திருந்தார், கவிழ்ந்தால் பிடிப்பதற்கு. இருபது பேர் ஏறியபின் அம்மாவும் நானும் கரையில் நின்றோம். இனி இடமில்லை என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, நின்றா. அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, உள்ளே இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கான்களை அவிழ்த்து மணலில் எறிந்தார். அந்த இடத்தில்தான் நாங்கள் இருவரும் இருந்து வந்தோம். அவர் செய்தது சரியா பிழையா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. கடல் அன்றைக்கு அமைதியாக இருந்தது.

மகன் கேட்டது ஒன்றுதான்: "கான் என்ன நிறம்?" மஞ்சள் என்றேன்.

109இன் கதையில் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புத்தகங்களில் இது கென்னடியின் கதையாகவே முடிந்துவிடுகிறது. தேங்காயைத் தவிர வேறு உணவில்லாமல் தீவுகளில் கிடந்த அந்தப் பதினொரு பேரையும் கண்டுபிடித்தவர்கள் பியூக்கு காசா, எரோனி குமானா என்ற இரண்டு சொலமன் தீவு இளைஞர்கள். கென்னடி தேங்காய்ச் சிரட்டையில் கீறிக்கொடுத்த செய்தியை எதிரியின் கடலுக்குள்ளால் தங்கள் மரத்தோணியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஓகஸ்ட் 8 அதிகாலை இன்னொரு டோர்பிடோப் படகு வந்து எல்லோரையும் ஏற்றியது. அந்தச் சிரட்டை இன்று பொஸ்ரனில் கென்னடி நூலகத்தில் இருக்கிறது. காசா 2005இலும் குமானா 2014இலும் காலமானார்கள். அவர்களுடைய தோணியை யாராவது மொடல் பெட்டியாக விற்கிறார்களா என்று மகன் தேடினான். கிடைக்கவில்லை. அதைத் தானே மரத்தில் செய்யப்போவதாகச் சொல்கிறான்.

புதிதாக வந்த குடும்பங்களுக்குச் சில வார்த்தை. பிளாஸ்ரிக் பசையின் மணம் தலையிடி தரும். எவ்வளவு குளிரென்றாலும் யன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் கத்தியையும் பசையையும் பூட்டி வைக்க வேண்டும். தூரிகையில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். பெட்டியை மலிவு நாளில் வாங்கலாம். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு நகர நூலக அட்டை இலவசம். உங்கள் கிளையில் புத்தகம் இல்லாவிட்டால் வேறு கிளையிலிருந்து எடுப்பித்துத் தருவார்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரை எழுதிக் காட்டுங்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

மொடல் இப்போது வரவேற்பறைத் தட்டில் இருக்கிறது. கரும்பச்சை உடல், அணியத்தில் சில்லில்லாத பீரங்கி, கீழே மெழுகு நூலால் கட்டிய குச்சிகள். பசை காய்ந்த அன்று அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கிட்டப் பார்த்தா.

"இதில எத்தினை பேர் போனவை?"

"பதின்மூன்று பேர், அப்பம்மா. எண்பது அடி" என்றான் மகன்.

"எண்பது அடியில பதின்மூன்று பேரோ?" என்றா அம்மா. "அப்ப ஏன் தெப்பத்தை இறக்கினவை?"

மகன் பீரங்கியைத் தொட்டுக் காட்டி விளங்கப்படுத்தத் தொடங்கினான். நான் தேநீர் போட எழும்பினேன்.

அடுத்த இதழில் பனையோலை இல்லாமல் பெட்டி பின்னுவது எப்படி என்று எழுதுகிறேன். கடையில் பொதி கட்டும் பிளாஸ்ரிக் பட்டி வந்தால் எறியாமல் சேர்த்து வையுங்கள்.