வரியும் வாங்கி, மேல்கட்டணமும் வாங்குவதா?

பிரிட்டனில் வேலைக்குச் சென்றவர்கள் நிரந்தர வசிப்புரிமைக்குக் காத்திருக்க வேண்டிய காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக நீட்டிக்கப் போவதாக அந்நாட்டு அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அறிவித்ததும், அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்ட விரிவான திட்டத்தில் ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களையும் அந்த வளையத்துக்குள் கொண்டுவந்ததும் வாசகர்கள் அறிந்தவையே. இம்முடிவு குறித்த விவாதங்கள் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கிலேயே நின்றுவிட்டன. ஒவ்வோர் ஆண்டுக்கும் வேலைக்குப் போனவர் கட்ட வேண்டிய பணத்தைப் பற்றிப் போதிய பேச்சு எழவில்லை. அப்பணத்தில் பெரும்பகுதி விசாக் கட்டணம் அன்று. அது சுகாதார மேல்கட்டணம் என்னும் பெயரில், விசாக் கட்டணத்தைப் போலப் பல மடங்காக, தனியே வாங்கப்படும் தொகையாகும்.

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையைப் பயன்படுத்திக்கொள்வதற்காக, 6 மாதங்களுக்கு மேல் தங்கச் செல்லும் வெளிநாட்டவரிடம் விசா விண்ணப்பத்தோடு சேர்த்து வசூலிக்கப்படுவதே இந்த மேல்கட்டணம். 2015 ஏப்ரலில் இது தொடங்கியபோது ஆண்டுக்கு 200 பவுண்டாக இருந்தது. 2019 ஜனவரியில் 400 ஆகவும், 2020 அக்டோபரில் 624 ஆகவும், 2024 பிப்ரவரியில் 1,035 ஆகவும் உயர்த்தப்பட்டது. மாணவர்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் உள்ளிட்ட சிலருக்கு மட்டும் 776 பவுண்டு. ஒன்பதே ஆண்டுகளில் ஐந்து மடங்கைத் தாண்டிய இந்த ஏற்றத்துக்கு ஈடாக அந்த மருத்துவ சேவை ஐந்து மடங்கு மேம்பட்டுவிட்டதாக அந்நாட்டில் எவரும் சொல்வதில்லை.

இத்தொகை மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படுவதன்று. சென்னையில் இருந்து விண்ணப்பிக்கும் ஒருவர் இணையப் படிவத்தை நிரப்பி முடித்ததும், விசா மையத்தில் கைரேகை பதிய நாள் குறிப்பதற்கு முன்பாகவே, விசாக் காலம் முழுவதற்குமான மேல்கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்தியாக வேண்டும். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று ஒரு குடும்பம் 5 ஆண்டு விசாவுக்கு விண்ணப்பித்தால் மேல்கட்டணம் மட்டும் 18,110 பவுண்டு ஆகிறது. விசாக் கட்டணம், 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்டபடி, ஆளுக்கு 1,519 பவுண்டு வீதம் 6,076 ஆனது. ஒரு பவுண்டை 110 ரூபாய் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே 26 லட்சம் ரூபாய் கையை விட்டுப் போகிறது. முதல் மாதச் சம்பளத்தைக் கண்ணால் காணாத ஒரு குடும்பம் இதைச் சேமிப்பிலிருந்து எடுக்க முடியாது. நகையை அடகு வைத்தோ, மனையை விற்றோ, வட்டிக்கு வாங்கியோதான் கட்ட வேண்டும். காத்திருப்புக் காலம் 10 ஆண்டுகளாகும்போது, இன்றைய விகிதத்திலேயே, அதே குடும்பத்தின் மேல்கட்டணம் 36,220 பவுண்டு, அதாவது 39 லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். இறுதியில் வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க, 2025ஆம் ஆண்டுக் கட்டணப்படி, தலைக்கு 3,029 பவுண்டு என்பது இதில் சேராது.

மருத்துவ வசதியைப் பயன்படுத்துகிறவர் அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற வாதத்தில் தவறில்லை. ஆனால் வேலை விசாவில் செல்பவர் அச்செலவை ஏற்கெனவே ஏற்கிறார் என்பதை இவ்வாதம் மறைக்கிறது. பிரிட்டனின் மருத்துவ சேவை முக்கியமாகப் பொது வரிப்பணத்தில் நடக்கிறது. சமூகக் காப்பீட்டுச் சந்தாவின் ஒரு பகுதியும் அதற்குச் செல்கிறது. வேலைக்கு வந்த வெளிநாட்டவர் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே வருமான வரியையும் அச்சந்தாவையும், பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் உள்நாட்டவர் செலுத்தும் அதே விகிதத்தில் செலுத்துகிறார். அதற்குமேல் மேல்கட்டணத்தையும் செலுத்துகிறார். உள்நாட்டவர் ஒருமுறை கொடுத்துப் பெறும் சேவைக்கு அவர் இருமுறை கொடுக்கிறார். இருமுறை கொடுத்த பின்னரும், இங்கிலாந்தில் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு மருந்துக் கடைக்குப் போனால் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு வைக்கச் சொல்கிறார்கள். பல்லுக்கும் கண்ணுக்கும் கட்டணம் வேறு. நிரந்தர வசிப்புரிமைக்குப் பிறகே மேல்கட்டணம் நிற்கும் என்பதால், வசிப்புரிமையைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் கருவூலத்துக்குக் கூடுதல் வரவாகிறது. காத்திருப்பை நீட்டிக்கும் முடிவை இந்த வரவிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

சிகிச்சைச் செலவை ஈடுகட்டவே கட்டணம் என்ற விளக்கமும், அதைச் சொன்னவர்களின் நடவடிக்கையாலேயே வலுவிழந்துவிட்டது. மருத்துவர்கள், ஆசிரியர்கள் உள்ளிட்ட அரசு ஊழியர்களின் ஊதிய உயர்வுக்கு வேண்டிய பணத்தை, கடன் வாங்காமலும் பொது வரியை உயர்த்தாமலும், விசாக் கட்டணங்களையும் இந்த மேல்கட்டணத்தையும் உயர்த்தித் திரட்டப்போவதாக 2023 ஜூலையில் அரசே அறிவித்தது. உள்நாட்டு வாக்காளரிடம் கேட்கத் துணியாத பணத்தை வெளிநாட்டு ஊழியரிடம் பறித்துக்கொள்வதற்குச் சுகாதாரம் என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது. கொரோனா உச்சத்தில் இருந்தபோது, தொற்று வார்டுகளில் நின்று பணியாற்றிய வெளிநாட்டுச் செவிலியர்கள், தாங்கள் உழைக்கும் மருத்துவ சேவைக்கே இக்கட்டணத்தைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. கடும் எதிர்ப்பு எழுந்த பிறகே, 2020 மே மாதத்தில், அவர்களுக்கு விலக்கு அறிவிக்கப்பட்டது. அந்த விலக்குக்கான நியாயம் பொறியாளருக்கும் ஆசிரியருக்கும் சமையல் கலைஞருக்கும் ஏன் பொருந்தாது என்பதற்கு இன்றுவரை விடையில்லை.

பிற நாடுகளை ஒப்பிட்டால் அநீதியின் அளவு இன்னும் தெளிவாகும். ஜெர்மனிக்கு நீண்டகால வேலை விசா 75 யூரோ. மருத்துவக் காப்பீட்டுச் சந்தா அங்கே போய்ச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகே பிடிக்கப்படுகிறது, அதிலும் ஏறக்குறையப் பாதியை நிறுவனம் ஏற்கிறது. கனடாவின் வேலை அனுமதிக்கு 155 கனடா டாலரும் கைரேகைப் பதிவுக்கு 85 டாலரும் போதும். ஆஸ்திரேலியா 3,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வாங்குவதால் மலிவான நாடு என்று சொல்ல முடியாது; ஆயினும் பிரிட்டனின் மொத்தச் செலவுக்கு அருகில்கூட அது வரவில்லை. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் விதிக்கப்பட்டபோது எழுந்த கூக்குரல் நியாயமானதே என்றாலும், அது வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் தலையில் விழும் தொகை. பிரிட்டனின் மேல்கட்டணமோ, நிறுவனம் மனமுவந்து ஏற்றாலொழிய, ஊழியரின் தலையிலேயே விழுகிறது.

குடியேற்றத்தைக் கவனிக்கும் பிரிட்டன் உள்துறையை நடத்துவோரின் கடந்தகாலத்தை நினைத்துப் பார்த்தால் இப்போதைய முடிவு வியப்பளிக்காது. 2006ஆம் ஆண்டில், வெளிநாட்டு மருத்துவர்கள் தனி அனுமதியின்றிப் பயிற்சி பெறும் வசதியைத் திடீரென முடிவுக்குக் கொண்டுவந்து, இந்தியாவிலிருந்து சென்ற மருத்துவர்கள் பலரை வேலையின்றித் தெருவில் நிறுத்தியவர்கள் இவர்களே. அதையொட்டி அம்மருத்துவர்களுக்கு எதிராகச் சுகாதாரத் துறை பிறப்பித்த வழிகாட்டுதல் செல்லாது என்று 2008இல் அந்நாட்டின் அப்போதைய உச்ச நீதி அமர்வான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதே 2006இல், உயர்திறன் குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்களுக்கான விதிகளை அவர்கள் வந்துசேர்ந்த பிறகு மாற்றினார்கள். அது முறையற்றது என்று 2008இலும், வசிப்புரிமைக்கான காலத்தை 4 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக முன்தேதியிட்டு நீட்டித்ததும் முறையற்றது என்று 2009இலும் உயர் நீதிமன்றம் கூறியது. நீதிமன்றத்தில் ஒருமுறை தோற்ற அதே தவற்றை, இப்போது ஓராண்டுக்குப் பதில் ஐந்தாண்டுகளாகப் பெருக்கிச் செய்ய முனைகிறார்கள்.

ஆங்கிலத் தேர்வு முறைகேட்டைக் காரணம் காட்டி 2014 முதல் பல்லாயிரம் மாணவர்களின் விசாக்களை, ஒவ்வொருவரின் குற்றத்தையும் தனித்தனியே நிறுவாமல் ரத்துசெய்ததும், பல பத்தாண்டுகளாகச் சட்டப்படி வாழ்ந்த கரீபிய வம்சாவளியினரிடம் ஆவணம் கேட்டு வேலையையும் மருத்துவத்தையும் மறுத்து, சிலரை நாடுகடத்தவும் செய்து, 2018இல் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததும் இதே துறையில்தான். குழந்தைகளின் குடியுரிமைப் பதிவுக்கு, 372 பவுண்டு மட்டுமே நிர்வாகச் செலவாகும் வேலைக்கு, 1,012 பவுண்டு வாங்கிக்கொண்டிருந்ததும் 2019இல் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. முதியோர் பராமரிப்புப் பணிக்கு 2022இல் கதவைத் திறந்து, இடைத்தரகர்கள் ஊழியர்களிடம் ஆயிரக்கணக்கான பவுண்டுகளைச் சுருட்டுவதைத் தடுக்கத் தவறி, பின்னர் 470க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை, அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு அழைக்கும் அனுமதியைப் பறித்தார்கள். ஏமாற்றிய நிறுவனம் உரிமத்தை இழந்தது. ஏமாந்த ஊழியருக்கோ வேறு நிறுவனத்தைத் தேடிக்கொள்ளப் பொதுவாக 60 நாள் அவகாசமே தரப்பட்டது. 2025 ஜூலையில் அந்தக் கதவையே அடைத்துவிட்டார்கள். தாங்கள் செய்த ஒவ்வொரு பிழையின் விலையையும் வந்தவர்மீதே சுமத்துவது இவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

இந்தியத் தரப்பும் இதில் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. 2025 ஜூலையில் கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தையொட்டி, நிறுவனங்கள் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர்களுக்கு 3 ஆண்டுகள்வரை சமூகக் காப்பீட்டுச் சந்தாவிலிருந்து விலக்கு அளிக்க உடன்பாடு ஏற்பட்டது. சுகாதார மேல்கட்டணம் அவர்களுக்கும் தொடரும் என்று பிரிட்டன் தரப்பு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. பெரிய நிறுவனங்களின் செலவைக் குறைக்கப் பேசியவர்கள், சொந்தக் கடனில் விசா எடுத்துப் போகும் தனிமனிதருக்காக அதே உறுதியோடு பேசியிருக்க வேண்டும். இனியேனும் தில்லி இதைத் தூதரக மரியாதைக்குள் முடக்காமல் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டும். லண்டனும் வரி செலுத்தும் ஊழியரை நியாயமாக நடத்தும் ஓர் ஏற்பாட்டுக்கு முன்வர வேண்டும். ஏற்கெனவே 5 ஆண்டு என்ற சொல்லை நம்பிக் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தவர்களுக்கு அந்த 5 ஆண்டு 5 ஆண்டாகவே இருக்க வேண்டும்.